ஐநூத்தி நாப்பதும் ரெண்டரைக் குடமும்

சேலம், நாமக்கல் இரண்டு மாவட்டங்களிலும் சேர்த்து, கொதிக்கக் கொதிக்க வாங்கிய டீயை ஆறவைத்துக் குடித்தவர்களில் முதலிடம் எங்கள் மில் பாய்லர்காரருக்குத்தான். இதில் போட்டியே கிடையாது. இருபது வருஷமாக அவரோடு டீக்கடைக்குப் போகிறேன். ஒரு நாள்கூட அவர் சூடான டீ குடித்து நான் பார்த்ததில்லை. டம்ளரைக் கையில் வாங்கியதும், இது எத்தனை டிகிரியில் இருக்கிறது, ஊதினால் எவ்வளவு ஆவியாகும், அந்த ஆவி எத்தனை கலோரியைத் தூக்கிக்கொண்டு போகும் என்று கணக்கை ஆரம்பித்துவிடுவார். கணக்கு முடிந்து விடை வரும் நேரத்துக்கு டீயும் அந்த விடைக்குக் கட்டுப்பட்டு ஆறிப்போயிருக்கும். "பாத்தீங்களா, சொன்ன மாதிரியே ஆயிருச்சு" என்று பரம திருப்தியோடு ஒரே மடக்கில் குடிப்பார்.

நான் பெரும்பாலும் கணக்கின் பாதியிலேயே என் டீயை முடித்துக்கொண்டு நழுவிவிடுவேன். மேனேஜருக்கு வேலை இருக்காதா என்ன.

மேனேஜர் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். திருச்செங்கோட்டுக்கும் நாமக்கல்லுக்கும் நடுவில் இருக்கிற ஒரு சைசிங் மில். தறிக்குப் போகிற பாவு நூலுக்குக் கஞ்சி போட்டு, நீராவியில் சூடான பெரிய உருளைகளின் மேல் ஓடவிட்டுக் காயவைத்துக் கொடுப்பது தொழில். முதலாளி சேலம் செவ்வாய்ப்பேட்டையில் நூல் கடையில் உட்கார்ந்திருப்பார். மில்லில் நான் மேனேஜர். ஸ்டேப்ளர் யார் மேஜையில் இருக்கிறது என்பதை எந்த நேரமும் அறிந்து வைத்திருப்பதுதான் என் முக்கியப் பொறுப்பு. நான் இல்லாவிட்டாலும் மில் ஓடும். பாய்லர்காரர் இல்லாவிட்டால் ஓடாது. இந்த உண்மை எங்கள் இருவருக்கும் தெரியும். அவர் அதைச் சொல்லிக்காட்டியதில்லை, நான் ஒப்புக்கொண்டதில்லை.

சேர்ந்த முதல் வாரம் என் அதிகாரத்தை நிலைநாட்ட பாய்லர் அறைக்குப் போனேன். சுவர் முழுக்கச் சாக்பீஸ் கணக்கு. ஒல்லியாக, காக்கி டவுசரும் காதிடுக்கில் சாக்பீஸுமாக ஒருவர் நின்றிருந்தார். சுவரில் சாய்ந்துகொண்டு, தண்ணீர் கொதித்துவிட்டதா என்று மிடுக்காகக் கேட்டேன். அது நான் செய்த தப்பு.

"கொதிக்கறது பெரிய சங்கதியில்லீங்க" என்று ஆரம்பித்தார். ஒரு கிராம் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க ஒரு கலோரி. ஐஸ் ஒரு கிராம் உருகித் தண்ணியாக எண்பது கலோரி. அந்தத் தண்ணி சுட்டுச் சுட்டு நூறு டிகிரிக்கு வர நூறு கலோரி. ஆனால் நூறில் நிற்கிற தண்ணி ஆவியாக வேண்டுமென்றால், ஐநூற்று நாற்பது கலோரி கேட்கும். அவ்வளவையும் வாங்கிக்கொண்டு ஒரு டிகிரிகூட ஏறாது. பள்ளிக்கூடத்தில் இதை உள்ளுறை வெப்பம் என்று சொல்லிக்கொடுத்தார்களாம். நான் அன்றைக்கு லீவு போலிருக்கிறது.

ஒரு மணி நேரம் கேட்டுவிட்டு வெளியே வந்தால், பாவு ஓட்டுகிறவர்கள் எல்லோரும் என் முதுகைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். வெள்ளைச் சட்டை. சுவரில் சாய்ந்ததில் 540 என்று முதுகெங்கும் இடவலம் மாறி, அச்சடித்ததுபோல் ஒட்டியிருந்தது. அந்த வாரம் முழுக்க மில்லில் ஐநூத்திநாப்பது என்றால் நான்தான். பிறகு பெரும்பாடுபட்டு, டீக்கடை டீக்கடையாகப் பிரச்சாரம் செய்து, அந்தப் பெயரை அவர்மேல் திருப்பிவிட்டேன். என் இருபது வருஷ நிர்வாகத்தில் முழு வெற்றி பெற்ற காரியம் அது ஒன்றுதான். அவர் வருத்தப்படவில்லை. "நல்ல நம்பருங்க" என்றார்.

எல்லாவற்றுக்கும் அவரிடம் கலோரிக் கணக்கு இருந்தது. எங்கள் பக்கத்து விருந்தாளிகளைப் பற்றி அவர் சொன்ன விளக்கத்தை மட்டும் நான் இன்றுவரை மறுக்க முடியவில்லை. விருந்தாளி வந்து, சோறு உண்டு, ஊர்க்கதை பேசி, "சரி, வாரேனுங்க" என்று எழுந்திருக்க ஒரு மணி நேரம் ஆகும். எழுந்து வாசல்படிக்கு வந்து, அங்கே நின்று அத்தை மகளின் கல்யாணம், கிணற்று மோட்டார், சின்னவனின் காலேஜ் எல்லாம் பேசி முடித்து நிஜமாகவே கிளம்ப இன்னும் ஐந்து மணி நேரம். "ஒரு அடி நகர்றதில்லீங்க. ஆனா கலோரி போய்ட்டே இருக்குது பாருங்க. தண்ணி ஆவியாகறதும் அதே மாதிரிதான். வாரேன்னு சொல்லிப்போட்டு வாசல்லயே நிக்கும்." அதற்கப்புறம் என் மைத்துனர் வாசலில் நின்று செருப்பைத் தேடும்போதெல்லாம் எனக்கு நீராவி கண்ணில் தெரிய ஆரம்பித்தது.

அவர் பெண் பார்க்கப் போன கதையை அவருடைய மனைவியே சொல்லியிருக்கிறார். தட்டில் வந்த காபியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, பெண்ணைப் பார்க்காமல் டம்ளரைப் பார்த்து, இது இரண்டாவது தரம் சுடவைத்தது, முதல் தரமே மூடி வைத்திருந்தால் பாதி விறகு மிச்சமாகியிருக்கும் என்றாராம். சபையே உறைந்துவிட்டது. கதவோரம் நின்ற பெண் மட்டும், பஸ் வரவேண்டிய நேரத்துக்கு வந்திருந்தால் ஒரு தரத்தோடு முடிந்திருக்கும் என்று பதில் சொல்லியிருக்கிறார். கணக்கில் தன்னை மடக்கிய முதல் ஆள் என்று அங்கேயே முடிவு செய்து பூ வைத்துவிட்டார்களாம்.

எங்கள் பையன் பிறந்தபோது குளிப்பாட்டும் தண்ணீரைக் கலந்து தரவும் வந்தார். நூறு டிகிரி வெந்நீர் ஒரு சொம்புக்கு, இருபத்தெட்டு டிகிரி பச்சைத்தண்ணீர் ஆறு சொம்பு கலந்தால் முப்பத்தெட்டு வரும், பிள்ளைக்கு இதம் என்று கணக்குப் போட்டார். குளிப்பாட்ட வந்த அம்மா முழங்கையை விட்டுப் பார்த்துவிட்டு, ஜில்லென்றிருக்கிறது என்றார். அவர் கணக்குப் போட்ட நேரத்தில் வெந்நீர் எண்பதுக்கு இறங்கிவிட்டதாம். மறுபடி போட்டார். அதற்குள் எழுபது. மூன்றாவது கணக்குக்குள் அந்த அம்மா முழங்கையாலேயே கலந்து, குளிப்பாட்டி, சாம்பிராணி போட்டு, பிள்ளையைத் தூங்கவே வைத்துவிட்டார்.

சிரித்தேன். இருபது வருஷமாக அவரை வைத்துத்தான் மில்லையே சிரிக்கவைத்துக்கொண்டிருந்தேன். ஒரு தரம், ஏனுங்க இப்படிக் கலோரியைக் கட்டிக்கொண்டு அழுகிறீர்கள் என்று கேட்டபோது மட்டும் சட்டைக் கையை மடக்கிக் காட்டினார். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தோல் சுருங்கி, உருகிய மெழுகு போல. முன்பு வேலை பார்த்த இடத்தில் ஆவிக் குழாய் விட்டுவிட்டதாம். "கொதிக்கற தண்ணி பட்டிருந்தா கொப்பளத்தோட போயிருக்குமுங்க. ஆவி மேல பட்டுத் தண்ணியாகறப்ப, வாங்குன ஐநூத்தி நாப்பதையும் நம்ம மேல எறக்கி வெச்சுட்டுத்தான் போகும். அது எவ்வளவுன்னு தெரிஞ்சுக்கோணும்னு தோணுச்சு." சட்டைக் கையை இறக்கிவிட்டுத் தண்ணீர் மட்டம் பார்க்கப் போய்விட்டார். டீக்கும் ஆபீசுக்கும் மாற்று ஆளை நிறுத்திவிட்டுப் போகிற நேரம் தவிர, நெருப்பு எரியும்போது அவர் பாய்லரை விட்டுத் தள்ளி நின்று யாரும் பார்த்ததில்லை. சோறும் அங்கேதான்.

இப்போது கோழிக்கு வருகிறேன்.

நாமக்கல் பக்கத்தில் பிறந்த ஒருவன் ஐம்பது வயதுக்குள் கோழிப்பண்ணை வைக்காவிட்டால் அவனுக்கு ஏதோ குறை என்று அர்த்தம். எனக்கு அந்தக் குறையைத் தீர்த்தவள் என் மனைவி பூங்கொடி. பத்து வருஷம் நூல் சுற்றப் போய்க்கொண்டிருந்தவள், தோட்டத்தில் ஒரு கொட்டகை போட்டு, இரண்டாயிரம் குஞ்சுகளை இறக்கினாள். ஒரு நாள் குஞ்சிலிருந்து ஊசி, மருந்து, தீனி எல்லாம் அவள்தான். குஞ்சுகளுக்குக் குளிரக் கூடாதென்று முதல் இரண்டு வாரம் பல்பு வெளிச்சத்தில் அங்கேயே கட்டில் போட்டுப் படுத்தாள். பண்ணைக்கு ஒரு நல்ல பெயர் யோசிப்பது என் பங்கு. ஐந்து மாதமாக யோசித்துக்கொண்டிருந்தேன். சித்திரை கடைசியில் முதல் முட்டை வந்தது. கோழிமுட்டை இத்தனை சின்னதாக இருக்குமா என்று கேட்டுவிட்டேன். அவள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அந்த இரண்டாயிரமும் நின்றால் அவள் பண்ணைக்காரி. இல்லாவிட்டால் திரும்ப நூல் சுற்றத்தான் போகவேண்டும். அதை அவள் சொல்லவில்லை. சொல்லவேண்டிய தேவையும் இல்லை.

வைகாசி முதல் வாரம். பெயர் இன்னும் எழுதாத பெயர்ப்பலகையை மாட்டுவதற்காக மில்லுக்கு லீவு போட்டுவிட்டு ஏணிமேல் நின்றிருந்தேன். மதியம் ஒரு மணி. ரோட்டோரத்து டிரான்ஸ்பார்மர் ஒரு சத்தம் போட்டுப் புகைந்தது. கொட்டகையில் தண்ணீரைப் பனி மாதிரி தூவுகிற குழாய்கள் நின்றன. காற்றாடிகள் நின்றன. தூணில் தொங்கிய தெர்மாமீட்டரில் நாற்பத்தொன்று.

ஜெனரேட்டர் இருந்தது. எங்கள் பண்ணையில் இல்லை, ராசிபுரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு மாரியம்மன் நோம்பித் திருவிழாவில் இருந்தது. மைக் செட்டுக்கு வேண்டும் என்று கேட்டார்கள். என் பெயரை மைக்கில் சொல்வோம் என்றும் சொன்னார்கள். பூங்கொடியைக் கேட்காமல் வண்டியில் ஏற்றிவிட்டேன். போன் செய்தால், கூட்டத்தை விலக்கி எடுத்துவர நாலு மணி ஆகும் என்றார்கள். பின்னணியில் என் பெயரைச் சொல்லி நன்றி தெரிவித்துக்கொண்டிருந்தது காதில் விழுந்தது.

மூன்று மணி நேரம். கோழிக்கு வியர்க்காது. வாயைத் திறந்து இரைத்து இரைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். இரண்டாயிரமும் வாயைப் பிளந்து, இறக்கையை விரித்து நின்றன. சத்தமே இல்லை. கோழிப்பண்ணையில் சத்தமில்லை என்றால் அதைவிடப் பயங்கரம் வேறு கிடையாது. பூங்கொடி கூண்டு கூண்டாகத் தண்ணீர் காட்டிக்கொண்டு ஓடினாள். என்னைப் பார்க்கவேயில்லை. திட்டியிருந்தால் தேவலாம்.

எனக்கு ஒரு யோசனை வந்தது. ஐஸ். மில் வேனை அனுப்பி இருபது பார் ஐஸ் அள்ளி வரச் சொல்லலாம் என்று போன் போட்டேன். என் மேஜையில் நான் இல்லாதபோது போனை எடுப்பவர் யாராவது இருக்கத்தான் செய்வார்கள். அன்றைக்கு, தண்ணீர் மட்டம் எழுதும் நோட்டை வைக்க வந்த ஐநூத்திநாப்பது எடுத்தார்.

விஷயத்தைக் கொட்டினேன்.

"ஐஸ் வேண்டாமுங்க" என்றார்.

"கெரகம், இப்பக் கணக்கு வேண்டாமுங்க. வண்டிய அனுப்புங்க."

"அம்பது கிலோ பார் ஒண்ணு உருகறதுக்கு நாலாயிரம் பெரிய கலோரி. அதுக்கப்புறம் அந்தத் தண்ணி முப்பது டிகிரிக்கு வாரதுக்கு ஆயிரத்தி ஐநூறு. ஆக அஞ்சாயிரத்தி ஐநூறு. அதே வேலைய வெறும் பத்து லிட்டர் தண்ணி ஆவியாகியே செஞ்சுருமுங்க. ஐஸு வாரதுக்குள்ள பாதி ரோட்டுலயே போயிரும். கோழி எத்தனை? டேங்குல தண்ணி எவ்வளவு?"

கோழி இரண்டாயிரம், தண்ணீர் இரண்டாயிரம் லிட்டர் என்றேன். ஒரு கோழி மணிக்கு எவ்வளவு சூடு விடும் என்று கேட்டார். தீனிக் கம்பெனிக்காரர் பத்துப் பெரிய கலோரி என்று எப்போதோ சொன்னது ஞாபகம் வந்தது. பெரிய கலோரி என்றால் சாதாரணக் கலோரி ஆயிரம். ஒரு நிமிஷம் போனில் சாக்பீஸ் சத்தம். என் மேஜைமேல் எழுதிக்கொண்டிருக்கிறார்.

"மணிக்கு இருபதாயிரம். ஐநூத்தி நாப்பதுல வகுத்தா முப்பத்தேழு லிட்டர். ரெண்டரைக் குடமுங்க. மணிக்கு ரெண்டரைக் குடம் தண்ணிய ஆவியாக்குனா உங்க கோழி விடற சூடு பூராத்தையும் அதே தூக்கிட்டுப் போயிரும். இருங்க, வாரேன்."

இரண்டாயிரம் உயிருக்கு இரண்டரைக் குடமா என்று நான் கேட்டு முடிப்பதற்குள் வைத்துவிட்டார். வாரேன் என்று சொல்லிவிட்டு வாசலில் நிற்காமல் கிளம்பிய முதல் மனிதரும் அவர்தான்.

அரை மணியில் மொபெட்டில் வந்தார். எனக்கு உறைக்கவே கொஞ்ச நேரம் ஆயிற்று. பாய்லரை விட்டுவிட்டு வந்திருக்கிறார். நெருப்பை வாரி வெளியே போட்டு, வால்வை அடைத்து, சர்டிபிகேட் உள்ள அடுத்த ஷிப்ட் ஆளைக் காவல் வைத்துவிட்டு, ஓடுகிற மில்லை நிறுத்திவிட்டு வந்திருக்கிறார். முதலாளியைக் கேட்டாரா என்று கேட்டேன். மேனேஜர் லீவு, யாரைக் கேட்பது என்றார்.

மக்காச்சோளம் வந்த சணல் சாக்குகளைப் பிரித்து, கொட்டகையின் இரண்டு பக்கமும் தோரணம் மாதிரி தொங்கவிட்டோம். குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி நனைத்தோம். அவர் தூணில் கணக்கெழுதினார். "உண்மையில இந்தச் சூட்டுல ஆவியாகறதுக்கு ஐநூத்தி எம்பது கிட்ட வருமுங்க. பேரு கெட்டுப்போயிருமேன்னு நாப்பதுலயே நிறுத்திக்கறேன்" என்றார். அந்த நிலையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. பூங்கொடிக்கு வரவில்லை.

கால்மணி நேரம் ஆயிற்று. தெர்மாமீட்டர் அப்படியே நாற்பத்தொன்று. சாக்கிலிருந்து தண்ணீர் சொட்டிக் கீழே ஓடிக்கொண்டிருந்தது. கொட்டகைக்குள் புழுங்கியது. முதல் வரிசையில் ஒரு கோழி தலையைச் சாய்த்தது. அடுத்து மூன்று. அடுத்து நான் எண்ணவில்லை. ஐநூத்திநாப்பது தூணையும் தெர்மாமீட்டரையும் மாறி மாறிப் பார்த்தார். கணக்கைத் துடைத்துத் திரும்ப எழுதினார். அதே விடைதான் வந்தது. சாக்பீஸ் பிடித்த கை நின்றுவிட்டது. இருபது வருஷத்தில் அந்தக் கை நின்று நான் பார்த்தது அப்போதுதான்.

பூங்கொடி குடத்தைக் கீழே வைத்தாள்.

"ஏனுங்ணா, ஈரத்துணிய மடிச்சுப் பொட்டிக்குள்ள வெச்சாக் காயுமாங்க? காத்து வேணுமில்லீங்க. ஒரு எலை அசையுதா பாருங்க."

பார்த்தோம். வேப்பமரம் படத்தில் வரைந்ததுபோல நின்றது.

அவர் முகம் போன போக்கை என்னால் மறக்க முடியாது. மில்லில் நூல் காய்கிற உருளைகளின் மேலே ஆவியை உறிஞ்சி வெளியே தள்ளுகிற பெரிய காற்றாடி பொழுதுக்கும் ஓடிக்கொண்டிருக்கும். இத்தனை வருஷத்தில் அது நின்றதே இல்லை. அதனால் சுவர் முழுக்க எழுதிய கணக்கில் ஒரு இடத்தில்கூட அது இல்லை.

"காத்தை எழுதாம உட்டுட்டனுங்க அம்மிணி" என்றார். ஆவி அங்கேயே நின்றால் அடுத்த ஆவிக்கு இடம் கிடையாது. வாசலில் விருந்தாளி நகராமல் நின்றால் அடுத்தவர் எப்படி வெளியே போவார்.

அவர் போனை எடுத்து மில்லுக்குப் பேசியதைத்தான் நான் சொல்லவேண்டும். மிரட்டவில்லை, கெஞ்சவுமில்லை. "நெருப்பில்லாம சும்மாத்தான உக்காந்திருக்கறீங்க. பாவு மூடற துணி அத்தனையும் எடுத்துட்டு வேன்ல ஏறுங்க. வெசையா வாங்க. நம்ம மேனேஜரூட்டுக் கோழி." இருபது வருஷமாக அவரைக் கேலி செய்த மில். யார் வருவார்கள் என்று நான் நினைத்தேன். இரண்டரை மணிக்கு வேன் வந்து நின்றது. பதினெட்டுப் பேர் இறங்கினார்கள். சமையல்கார அக்காவும் இறங்கினார், கையில் இட்லித் துணியோடு.

அடுத்து நடந்ததை வெளியூர்க்காரர் யாராவது பார்த்திருந்தால் எங்கள் ஊரைப் பற்றி வேறு மாதிரி எழுதியிருப்பார். கொட்டகையின் ஒரு பக்கம் வரிசையாக நின்று, இரண்டு பேருக்கு ஒரு துணி என்று விரித்துப் பிடித்து, ஈரச்சாக்கின் வழியாகக் காற்று உள்ளே போகும்படி மேலும் கீழும் வீசினோம். கோவிலில் சாமிக்குக்கூட இத்தனை பேர் வீசி நான் பார்த்ததில்லை. கோழிகள் வாயைத் திறந்துகொண்டே எங்களைப் பார்த்தன. எனக்கு ஜோடியாகத் துணி பிடித்தவர் பாவு ஓட்டுகிற மாஸ்டர். என் முதுகைப் பார்த்து முதலில் சிரித்த ஆள். "என்ற கல்யாணத்துல எனக்கே ஒருத்தரும் இப்புடி வீசலீங்க" என்றார். பத்து நிமிஷத்தில் எனக்குக் கை கழன்றுவிடும்போல் இருந்தது. மேனேஜர் வேலைக்குக் கையே தேவைப்படாதென்று அன்றைக்குத்தான் புரிந்தது.

ஐநூத்திநாப்பது தண்ணீர் ஊற்றுவதும் தெர்மாமீட்டர் பார்ப்பதுமாக ஓடினார். நாற்பது. சாக்கிலிருந்து சொட்டுவது நின்று, ஈரம் துணியிலேயே காய ஆரம்பித்தது. முப்பத்தொன்பது. மூன்று மணிக்கு முப்பத்தேழு. கொட்டகையின் மூலையில் ஏதோ ஒரு கோழி வாயை மூடிக்கொண்டு, சின்னதாக ஒரு சத்தம் கொடுத்தது. பூங்கொடி அந்தத் திசையில் திரும்பினாள். பிறகு இன்னொன்று. எல்லோர் கையும் இன்னும் வேகமாக வீசியது.

நாலேகால் மணிக்கு ஜெனரேட்டர் வந்தது. மாலை போட்டு, குங்குமம் வைத்து, அம்மன் ஊர்வலத்திலிருந்து நேராக வந்திருந்தது. மைக் செட்டுக்காரர்கள் மூன்று பேரும் கூடவே வந்திருந்தார்கள். காற்றாடி சுற்றியதும் பதினெட்டுப் பேரும் துணியைப் போட்டுவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார்கள். தெர்மாமீட்டரில் முப்பத்தாறு.

அவர் மட்டும் உட்காரவில்லை. வரிசை வரிசையாகப் போய்ச் சாய்ந்த கோழிகளை எடுத்து வெளியே வைத்தார். பிறகு தூணில் எழுதியிருந்த கணக்குக்குக் கீழே ஒரு கோடு போட்டு, 41 என்று எழுதினார்.

"நாப்பத்தொண்ணுங்க அம்மிணி. என்ற கணக்குல போனது."

பூங்கொடி முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து, அவர் கையிலிருந்த சாக்பீஸை வாங்கினாள். ஏழாவதோடு படிப்பை நிறுத்தியவள். அந்த 41-க்குப் பக்கத்தில் மெதுவாக 1959 என்று எழுதினாள்.

"இதும் உங்க கணக்குதானுங்ணா. இதை எழுதாம உட்டுட்டீங்க."

அவர் இரண்டு எண்களுக்கும் கீழே விரலை ஓட்டினார். கூட்டிப் பார்த்துச் சரிபார்த்தார் என்றே நினைக்கிறேன்.

கதை இங்கே முடிந்திருந்தால் எனக்கு நல்லது. ஆனால் மறுநாள் செவ்வாய்ப்பேட்டையிலிருந்து போன் வந்தது. மில் அரை நாள் நின்றது ஏன், பாய்லர்காரரிடம் எழுத்துப்பூர்வமாக விளக்கம் கேள் என்றார் முதலாளி. கேட்கவேண்டியது யார்? மேனேஜர். யார் வீட்டுக் கோழிக்கு வீசப் போனாரோ அந்த மேனேஜர். அதுவும் அவர் சாக்பீஸில் போட்ட கோழிக் கணக்கு இன்னும் அழியாத மேஜையில் உட்கார்ந்து. விளக்கம் கேட்கும் கடிதத்தை டைப் அடிக்க ஆரம்பித்தேன். முதல் வரியிலேயே நின்றுவிட்டது. அவர் பெயர் என்ன? மில்லில் ஒருவருக்கும் தெரியவில்லை. ரிஜிஸ்டரைப் புரட்டிக் கண்டுபிடித்தேன். நல்ல பெயர். அதை இங்கே எழுதினாலும் பயனில்லை, கூப்பிட்டால் அவரே திரும்பமாட்டார்.

பதில் ஒரு மணி நேரத்தில் வந்தது. பாய்லரில் இரண்டாயிரம் லிட்டர் தண்ணீர். நூற்று அறுபது டிகிரியிலிருந்து நூறுக்கு இறங்கியது. இழந்தது ஒரு லட்சத்து இருபதாயிரம் பெரிய கலோரி. விறகு கிலோவுக்கு மூவாயிரம் தரும், அதில் பாதி புகைபோக்கியோடு போய்விடும். ஆகவே மில்லுக்கு எண்பது கிலோ விறகு நஷ்டம், நாளைக் காலை கொண்டுவந்து சேர்த்துவிடுகிறேன், இப்படிக்கு. ஏன் நிறுத்தினீர்கள் என்ற கேள்விக்கு மட்டும் பதிலே இல்லை. அது அவருக்கு ஒரு கேள்வியாகவே படவில்லை.

சொன்னபடி காலையில் மொபெட்டில் இரண்டு நடையாக எண்பது கிலோ கருவேல விறகு கொண்டுவந்து இறக்கினார். நான் அதற்கு முன்பே, எங்கள் தோட்டத்து வேலியில் வெட்டிய விறகை எண்பது கிலோ எடை போட்டுக் குவித்திருந்தேன். நாங்கள் இரண்டு பேரும் ஒருவர் குவியலை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றபோது, பாவு மாஸ்டர் சைக்கிளில் ஒரு கட்டு விறகோடு வந்தார். பின்னால் சமையல்கார அக்கா, தலைமேல் ஒரு கட்டு. பொழுது ஏறுவதற்குள் பாய்லர் அறை வாசலில் நடக்க வழியில்லை. முதலாளி வந்து பார்த்தார். கடிதத்தை முழுவதும் படித்தார். அவருக்கு வந்த டீ ஆறியது. கடைசியில், கடிதத்தை பைலில் வை என்று மட்டும் சொல்லிவிட்டு, போகும்போது கோழி இப்போது முட்டை வைக்கிறதா என்று கேட்டார்.

வைக்கிறது. வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டு நிற்கிற என் மைத்துனர் கண்ணில் படாமல், பெரிய முட்டைகளாகப் பொறுக்கி வாரம் ஒரு அட்டை பாய்லர் அறைக்குப் போகிறது. அவர் அவற்றைத் தானே வேகவைக்கிறார், எத்தனை கலோரியில் என்று கேட்காதீர்கள். பண்ணைக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. தூணுக்குச் சுண்ணாம்பு அடிக்கும்போது பூங்கொடி அந்த ஒரு முழத்தை விட்டுவிட்டு அடிக்கச் சொன்னாள்.

இன்றைக்கும் பத்தரை மணிக்கு டீக்கடைக்குப் போனோம். டம்ளரை வாங்கியதும், இப்போதெல்லாம் வழக்கமாகச் செய்வதுபோல, முதலில் தலையைத் தூக்கிக் கடையின் காற்றாடி ஓடுகிறதா என்று பார்த்தார். பிறகு ஆரம்பித்தார். எண்பத்திரண்டு டிகிரி, நூற்றிருபது மில்லி, காற்று இவ்வளவு. நான் நழுவவில்லை. என் டம்ளரையும் மேஜைமேல் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

டீ ஆறிக்கொண்டிருந்தது. ஆறட்டும்.